துண்டுக்கடியில் மூன்றாவது கை

இர்ஃபானாவுக்குக் காதல் வந்திருந்தது. அவசரப்படாதீர்கள், பையன் யாரும் இல்லை. அவள் கிறங்கிக் கிடந்தது ஒரு புரதத்தின் மேல். பெயர் கால்மோடுலின். மனித உடம்பில் எந்தச் செல்லைத் திறந்து பார்த்தாலும் உள்ளே அது இருக்கும். உங்களுக்குள் இருக்கிறது, எனக்குள் இருக்கிறது, சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவருக்குள்ளும் இருக்கிறது. எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் வகுப்பில் மற்ற பெண்கள் சினிமா நடிகர்களின் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தபோது, இவள் வைத்திருந்தது இந்தப் புரதத்தின் படத்தை. நடுவில் ஒரு தண்டு, இரண்டு முனையிலும் இரண்டிரண்டு குழிகள். அந்த நாலு குழியும் கால்சியத்தைப் பிடிக்கிற கைகள் என்று சொல்லும்போதே அவள் முகம் சிவந்துவிடும். தோழிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம், பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். பெங்களூரில் அந்தப் புரதத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை உண்டு. திங்கட்கிழமை காலை போய்ச் சேர்ந்தால் போதும். குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள். அவள் அத்தா, அமீர் பாஷா.

அமீர் பாஷா மாட்டு வியாபாரி. கெட்ட மனிதர் என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். மகளை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட வாங்கியறியாதவர். பெங்களூர் என்றதும் மகளையும் பல்லைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சு வருசம் அங்க உக்காந்து நீ என்னத்தப் பாக்கப் போறேன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு. புரிஞ்சுதுன்னா நானே பஸ் ஏத்தி உடறேன். புரியலைன்னா சேலத்துல பி.எட். சேந்துக்க. டீச்சர் வேலைன்னா எனக்குப் புரியும்."

இவ்வளவுதானே என்று துள்ளினாள் இர்ஃபானா. இவ்வளவுதான் என்பதே எவ்வளவு என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் காலண்டரின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினாள். அத்தா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூரானா?" என்றார். அடுத்து அடுப்படியிலிருந்து இடுக்கியை எடுத்து வந்து, கால்சியம் வந்தால் இப்படிப் பிடிக்கும் என்று டம்ளரைப் பிடித்துக் காட்டினாள். "இடுக்கியப் பாக்கறதுக்கா அஞ்சு வருசம்? உங்கம்மா இருவத்தஞ்சு வருசமா அதைப் புடிச்சுட்டுத்தான் இருக்கா, ஒருத்தரும் பட்டம் குடுக்கலை" என்றார். கடைசியாக வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, இதில் இருப்பதும் கால்சியம்தான் என்று தொடங்கினாள். சுண்ணாம்பு அதிகமானால் வாய் வெந்துபோகும் என்பது தனக்கே தெரியும் என்று சொல்லி அத்தா தூங்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்துவிட்டது. அன்றைக்கென்று அமீர் பாஷா கொல்லிமலை ஏறிப் போகவேண்டியிருந்தது. அரியூர் நாட்டுச் செங்கோடனிடம் ஒரு காளை இருந்தது. அதைப் பேசி முடிக்க வேண்டும். இர்ஃபானாவின் அம்மா அலிமா பீவி இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே மகளின் காதில் ஓதினாள்.

"நீயும் கூடப் போ. மலை பஸ்ல உங்கத்தா எங்கயும் எறங்கி ஓட முடியாது. உக்கார வெச்சுச் சொல்லு."

அருமையான யோசனைதான். மலையில் வளைவுகள் இருக்கின்றன என்பதை மட்டும் தாயும் மகளும் மறந்துவிட்டார்கள். காரவள்ளியைத் தாண்டி பஸ் மலையில் மூக்கை வைத்ததுமே இர்ஃபானா ஆரம்பித்தாள். "செல்லுக்கு வெளிய கால்சியம் கும்பலா நிக்குதுங்கத்தா. உள்ளாற ரொம்பக் கொஞ்சம்தான். கதவு தொறந்ததும்..." பஸ் திரும்பியது; அவள் அத்தாவின் மேல் விழுந்தாள். "கதவு தொறந்ததும் உள்ள பாயும்..." பஸ் அந்தப் பக்கம் திரும்பியது, அத்தா அவள் மேல் விழுந்தார். அடுத்த வளைவில் பின் சீட்டுக்காரரின் பலாப்பழம் உருண்டு வந்து காலடியில் நின்றது. அதற்கடுத்த வளைவில் இர்ஃபானாவுக்குத் தலை கிறுகிறுத்து, செல்லும் சுழன்றது, மலையும் சுழன்றது. பக்கத்துச் சீட்டு அம்மாள் முகர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். எழுபது வளைவில் ஒரு புரதத்தை முழுசாக மலையேற்ற அவளால் முடியவில்லை. அமீர் பாஷா மட்டும் சாய்ந்தபடியே சுகமாகத் தூங்கினார்.

செங்கோடன் வீட்டு வாசலில் இறங்கியபோது இர்ஃபானாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் மலைக்காற்று முகத்தில் பட்டதும் கிறுகிறுப்பே ஒரு மாதிரி குஷியாகிவிட்டது. என்ன செய்வது, அவள் பிறவியே அப்படி. அழுதுகொண்டிருக்கும்போதும் சிரிப்புக்கு இடம் விட்டு வைத்திருப்பாள்.

"வாங்க பாய், வாங்க. புள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களா? வா சாமி" என்று செங்கோடன் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி கண்ணாயி உள்ளே கிழங்கு வேகிறது, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள். காளை வேலிக்கருகில் கட்டியிருந்தது. சந்தன நிறம், பெரிய திமில், உலகத்தில் எதைப் பற்றியும் கவலையில்லாத அசை.

அமீர் பாஷா காளையின் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு நீட்டினார். செங்கோடன் துண்டுக்கடியில் தன் கையை விட்டார்.

மாட்டு விலையை வாயால் பேசுகிறவன் வியாபாரியே இல்லை. துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கமாகத் தரகர் அர்த்தனாரியும் கூட இருப்பார். இரண்டு பேரும் விரலாலேயே சண்டை போட்டு ஓய்ந்து ஒரு விலைக்கு வந்ததும், அர்த்தனாரி தன் கையையும் துண்டுக்கடியில் விட்டு இரண்டு கையையும் சேர்த்து ஒரு பிடி பிடிப்பார். மூன்றாவது கை விழுந்தால் பேச்சு முடிந்தது. கடைசியாக எந்த விரல் அழுந்தியதோ அதுதான் விலை. அதற்கப்புறம் ஆண்டவனே இறங்கி வந்தாலும் மாற்றமில்லை. அன்றைக்கு அர்த்தனாரிக்குக் காய்ச்சல், வரவில்லை. தாங்களே முடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இர்ஃபானா அத்தாவோடு சந்தைக்கெல்லாம் போனதில்லை. துண்டு போட்டு விலை பேசுவதை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்க்கிறாள். அத்தாவின் கை நீட்டியபடி சும்மா இருந்தது. துண்டு லேசாக அசைந்தது. செங்கோடன் எதையோ அழுத்தியிருக்க வேண்டும். மறுகணம் அத்தாவின் தோள் நிமிர்ந்தது, கூன் போனது, புருவம் ஏறியது. ஒரு விரல் பட்டதற்கு ஆளே வேறு ஆளாக மாறிவிட்டார். துண்டு தளர்ந்ததும் மறுபடி பழைய அமீர் பாஷா. மறுபடி அசைவு, மறுபடி நிமிர்வு. இர்ஃபானாவின் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. கால்சியம் வந்து குழியில் உட்கார்ந்ததும் உருவம் மாறுகிறது! மாறிய உருவம்தான் அப்புறம் எழுந்து போய் வேலையைக் கிளப்புகிறது! படத்திலும் புத்தகத்திலும் பார்த்துப் பார்த்து மயங்கியது இதோ வேட்டி கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது!

"அத்தா! இதுதானுங்கத்தா! இதேதான்!" என்று கத்திக்கொண்டு ஒரே பாய்ச்சலில் போய், விரல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஆவேசத்தில் துண்டுக்குள் தன் கையை விட்டு இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

காளைகூட அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"கை விழுந்துருச்சுங்களே பாய்" என்றார் செங்கோடன். அவர் குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஏனென்றால் கடைசியாக அழுந்தியது அவருடைய விரல். பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அமீர் பாஷா எப்படியும் பாதியாக வெட்டுவார் என்று தெரிந்து, சும்மா ஒரு யானை விலையை எடுத்து வீசியிருந்தார். அந்த விலைக்கு அந்தக் காளையை அவரே வாங்கமாட்டார்.

அமீர் பாஷாவின் முகம் கறுத்துச் சிவந்து மறுபடி கறுத்தது. "ஏ புள்ள! உன்னிய யாரு கைய உடச் சொன்னா? இத்தன வருச யாவாரத்துல ஒரு பய என்னை இப்படிக் கவுத்ததில்லை!" என்று கத்தினார். "பி.எட்.தான் உனக்கு. முடிஞ்சு போச்சு. பெங்களூர்ப் பேச்சை இனி எடுக்காத." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிலில் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

இர்ஃபானாவுக்குப் பெங்களூர் போச்சு. தன் கையாலேயே, தன் கையை விட்டே போக்கடித்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. அந்தச் சமயத்தில்தான் கண்ணாயி ஆவி பறக்கிற மரவள்ளிக்கிழங்குத் தட்டோடு வெளியே வந்தாள்.

"ஏன் கண்ணு, எதுக்குக் கைய உட்டே? சும்மா சொல்லு, எனக்குந்தான் தெரியட்டுமே" என்றாள்.

இத்தனை நாளில் அவளிடம் இப்படி ஆசையாக யாரும் கேட்டதே இல்லை. இர்ஃபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நம் கை அசைவதற்கும், இதயம் துடிப்பதற்கும், மூளை ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும் செல்லுக்குள் கால்சியம் பாய வேண்டும்; ஆனால் கால்சியத்துக்கு வாய் கிடையாது, யாரிடமும் எதுவும் சொல்லத் தெரியாது; அது வந்த சேதியைப் பிடித்துக்கொண்டு போய் அங்கங்கே சொல்லி வேலையை நடத்துகிறவர்களில் பெரிய ஆள் இந்தப் புரதம் என்றாள். அதற்கு நாலு கை. கை காலியாக இருந்தால் சும்மா கிடக்கும். கை நிறைந்தால் உருவம் மாறி, இன்னொரு புரதத்தைப் போய்க் கட்டிப்பிடித்துக் கிளப்பிவிடும். கால்சியம் கழன்று போனால் இதுவும் விட்டுவிட்டுப் பழையபடி சும்மா கிடக்கும். சொல்லச் சொல்ல அவளுக்கே ஜோர் ஏறிவிட்டது.

"நாலு கையா? இருங்க, செஞ்சே பாத்துருவோம்" என்றாள் கண்ணாயி. "ஏனுங்க, எந்திரிச்சு நில்லுங்க" என்று புருஷனை இழுத்து நிறுத்தினாள். "ஒராளுக்கு ரெண்டு கைதான இருக்குது? பாய், நீங்களும் எந்திரிங்க. கோவத்தை அப்புறம் படலாம், கெழங்கு ஆறிப்போயிரும்."

கண்ணாயி சொல்லி எழுந்திருக்காத ஆள் அந்த மலையில் கிடையாது. அமீர் பாஷா முனகிக்கொண்டே எழுந்தார். கண்ணாயி தட்டை வேலியோரம் வைத்துவிட்டு அவர் தோளிலிருந்த துண்டை உருவி, இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக நிற்க வைத்து இடுப்பில் கட்டிவிட்டாள். ஐம்பது வயது மாட்டு வியாபாரியும் ஐம்பத்தைந்து வயது விவசாயியும் நாலு கையை நீட்டிக்கொண்டு வாசல் நடுவில் நின்றார்கள். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இர்ஃபானாவுக்கு அழுகை போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கெழங்குதான் கால்சியம். வருது, வருது!" என்று கண்ணாயி செங்கோடனின் ஒரு கையில் ஒரு கிழங்குத் துண்டை வைத்தாள். சூடு தாங்காமல் அவர் துள்ள, முதுகில் கட்டியிருந்த அமீர் பாஷாவும் சேர்ந்து துள்ளினார். இன்னொரு கையிலும் ஒன்று வந்தது. செங்கோடன் நிமிர்ந்து நின்றார். கண்ணாயி தட்டைப் பார்த்தாள், தட்டு காலி. மீதிக் கிழங்கை, கவனம் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தபோது, கயிறு எட்டுகிற தூரத்திலிருந்த காளை தின்று முடித்திருந்தது.

"எனக்கெங்க?" என்றார் அமீர் பாஷா.

"தீந்து போச்சுங்க பாய்."

அமீர் பாஷா தன் வெறுங்கை இரண்டையும் பார்த்தார். தலையைத் திருப்பிச் செங்கோடனின் நிறைந்த கையைப் பார்க்க முயன்றார். செங்கோடன் ஒரு அடி முன்னே எடுத்து வைக்க, இவர் பின்னால் இழுபட்டார். "இருங்கய்யா!" என்று அதட்டினார். மாட்டின் சுழியைப் பார்க்கும்போது வருகிற மாதிரி அவர் கண் சுருங்கியது.

"ஏ புள்ள. அவரு ரெண்டு கை நெறஞ்சு போச்சு. என் ரெண்டு கையும் காலி. இப்ப நாங்க போறதா, நிக்கறதா? பாதி நெறஞ்சா உன்ற புரதம் என்ன செய்யும்?"

இர்ஃபானா படித்ததையெல்லாம் அவசர அவசரமாகப் புரட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தெரியும், அங்கங்கே யாரோ ஊகித்திருக்கிறார்கள், முழுசாகத் தெரியாது. பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் புரதத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியாதுங்கத்தா" என்றாள்.

"தெரியாதா?"

"எங்களுக்குச் சரியாத் தெரியாதுங்க. பாதி நெறஞ்சாலும் சில வேலை செய்யுமோன்னு ஒரு சந்தேகம்தான் இருக்குது."

"பெங்களூர்ல உன்னியக் கூப்புட்டாரே, அந்த சாருக்கு?"

"அவருக்கும் தெரியாதுங்க. அதப் பாக்கறதுக்குத்தான் ஆளு வேணும்னு கூப்பிடறாரு."

அமீர் பாஷா முதுகில் ஒரு செங்கோடனோடு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இதைய ஏன் இத்தன நாளாச் சொல்லலை? அது இப்படிப் புடிக்கும், அப்படிப் புடிக்கும்னு எல்லாம் தெரிஞ்ச மாதிரியே சொன்னே. எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே, அப்புறம் இவளுக்கு அங்க என்ன வேலைன்னுதான் எனக்குப் புரியலை."

அத்தாவுக்குப் புரியாதது புரதம் இல்லை என்பது இப்போதுதான் இர்ஃபானாவுக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் தெரிந்தவள் போலக் காட்டினால்தான் விடுவார் என்று எண்ணி, தெரியாத ஒன்றையே அவரிடம் மறைத்து வைத்திருந்தாள். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

செங்கோடன் முதுகுப்பக்கத்திலிருந்து தொண்டையைச் செருமினார். கிழங்கு இன்னும் கையில்தான் இருந்தது. "பாய், நானும் சொல்லிப்புடறேனுங்க. அந்த வெல சும்மா ஒரு பேச்சுக்கு அழுத்துனதுங்க. அர்த்தனாரி கையின்னா பரவால்ல. இது சின்னப் புள்ள, வெவரம் தெரியாம உட்ட கை. இதக் கணக்குல எடுக்க வேண்டாமுங்க. முதல்ல இருந்து பேசிக்கலாம்."

நியாயமான பேச்சு. அமீர் பாஷா ஒரு தலையாட்டலில் தப்பித்திருக்கலாம். வியாபாரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அமீர் பாஷா இடுப்பிலிருந்த துண்டின் முடிச்சை அவிழ்த்தார். செங்கோடன் பக்கம் திரும்பி நின்று கேட்டார்.

"அது எப்படீங்க கணக்குல வராம போகும்? அது என்ற மக கை."

"இல்லீங்க பாய், வெல ரொம்ப..."

"வெல ரொம்பத்தான். ஊட்டுக்குப் போனா அலிமா பீவி என்னை உரிச்சு உப்புத் தடவப் போறா. ஆனா கை விழுந்தது விழுந்ததுதானுங்க. திங்கக்கெழம பெங்களூர்ல போயி வேல பாக்கற கையி அது. அத வெவரம் தெரியாத கையின்னு நானே எப்படிச் சொல்றது? மாட்டை அவுத்துக் குடுங்க."

இர்ஃபானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் உள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம் பீறிட்டு வந்தது. கண்ணாயி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்ற, மலை மறுபடி சுழன்றது, மரங்கள் சுழன்றன, ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

"அத்தா, அப்பன்னா நான் நெசமாலுமே..."

"வாயப் பேசாம கயித்தப் புடி" என்றார் அமீர் பாஷா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

செங்கோடன் அவிழ்த்து நீட்டிய கயிற்றை இர்ஃபானா பிடித்தாள். யானை விலைக்குப் போன காளை, பிடித்தது யாரென்றுகூடப் பார்க்காமல் வேலியோரம் குதித்துக்கொண்டு ஓடியது. கயிற்றை விடத் தெரியாமல், விடவும் மனமில்லாமல், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க அவளும் அதன் பின்னாலேயே அரியூர் நாட்டு ரோட்டில் ஓடினாள்.